கருக்கலைப்புக்குப் பின் குடல் படும் பாடு

பெண்ணின் இடுப்புக்கூட்டுக்குள் முன்னால் சிறுநீர்ப்பையும் பின்னால் மலக்குடலும் இருக்க, அவ்விரண்டுக்கும் நடுவே கருப்பை நெருக்கமாக அமைந்திருக்கிறது. கருப்பையின் சுவரும் குடலின் சுவரும் மென்தசையால், அதாவது மனித விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாகச் சுருங்கி விரியும் தசையால் ஆனவை; அவற்றைச் சுருங்கச் சொல்லும் வேதிப்பொருள்களில் சில இரண்டுக்கும் பொதுவானவை; அவற்றிலிருந்து கிளம்பும் வலிச் செய்திகளில் ஒரு பகுதி தண்டுவடத்தின் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. கருக்கலைப்புக்குப் பிந்தைய நாள்களில் பெண்கள் சொல்லும் பேதி, வயிற்று உப்புசம், மலச்சிக்கல், பின்பக்க அழுத்தம் ஆகிய தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று உண்மைகளுக்குள் அடங்கிவிடும். விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஒரு நாள் கூலியை விட முடியாமல் மறுநாளே வேலைக்குக் கிளம்பும் ஒருவர், வயிற்றில் எழும் எந்தத் தொல்லை தானே போய்விடும், எந்தத் தொல்லைக்கு அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பிரித்தறிவதற்கு இது உதவும்.

கருப்பைக்கும் குடலுக்கும் பொதுவான அந்த வேதிப்பொருள்களில் முதன்மையானவை புரோஸ்டாகிளாண்டின்கள். உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகி, உருவான இடத்திலேயே வேலை செய்து, விரைவில் சிதைந்துபோகும் இப்பொருள்களுக்கு 1930களில் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிவியலாளர் உல்ஃப் ஃபான் ஆய்லர். இவற்றின் அமைப்பையும் செயலையும் வெளிக்கொணர்ந்ததற்காக பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் ஆகிய மூவர் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மாதவிலக்கின் முதல் நாளில் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும், பல பெண்களுக்கு அதே நாளில் மலம் இளகிப்போவதும் இவற்றின் செயலே. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையோடு நின்றுவிடாமல் பக்கத்திலுள்ள குடலையும் தொட்டுவிடுகிறது.

மாத்திரை வழியான கருக்கலைப்பில் பயன்படும் மிசோப்ரோஸ்டால், ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது. இம்மருந்து முதலில் கருப்பைக்காக உருவாக்கப்படவில்லை. மூட்டுவலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வோருக்கு இரைப்பைப் புண் வராமல் காப்பதற்காக உருவாக்கப்பட்டு, அமெரிக்காவில் 1988இல் அந்த நோக்கத்துக்காகவே ஒப்புதல் பெற்றது. அப்படி உட்கொண்டவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட பக்க விளைவு வயிற்றுப்போக்கு. எனவே கருக்கலைப்பு நாளில் ஒரு பெண்ணுக்கு வரும் பேதி, ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டதன் அடையாளம் அன்று. இரைப்பைக்காகச் செய்யப்பட்ட மருந்து செரிமானப் பாதையில் வழக்கம்போலச் செய்யும் வேலைதான் அது.

இந்தியாவில் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் விதிகளும் கர்ப்பத்தின் ஒன்பது வாரம் வரை மாத்திரை வழியை அனுமதிக்கின்றன. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீரின் செயலை முதல் மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன் தடுக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு நாள் கழித்துக் கொடுக்கப்படும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. குமட்டல், வாந்தி, பேதி, குளிர் நடுக்கம், சற்றே காய்ச்சல் ஆகியவை இந்த இரண்டாவது மருந்தை எடுத்த சில மணி நேரத்துக்குள் தலைகாட்டி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மருந்தை விழுங்கும்போதும் நாக்குக்கு அடியில் வைக்கும்போதும் குடல் தொல்லை கூடுதலாகவும், பிறப்புறுப்பு வழியாக வைக்கும்போது சற்றுக் குறைவாகவும் இருக்கும். நான்கைந்து முறை தண்ணீராகப் போனாலும், உப்பு சர்க்கரைக் கரைசலோ நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தால் போதும். பேதியை நிறுத்தும் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. வலிக்குக் கொடுக்கப்படும் ஐபுபுரூஃபன் உடல் தானே புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து என்பதால், அது மிசோப்ரோஸ்டாலின் வேலையைக் கெடுத்துவிடுமோ என்று சிலர் தயங்குகின்றனர். வெளியிலிருந்து வந்து சேர்ந்த மருந்தை அது தொடுவதில்லை. ஆகையால் மருத்துவர் சொன்ன அளவில் தயங்காமல் உட்கொள்ளலாம்.

புரோஜெஸ்டிரோன் குடலிலும் தன் கையைக் காட்டியிருக்கும். கர்ப்பத்தின்போது பெருகும் இந்த இயக்குநீர் மென்தசையைத் தளர்த்துவதால் உணவு மெதுவாக நகர்கிறது. கர்ப்பிணிகளின் நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் அது ஒரு காரணம். கர்ப்பம் முடிந்ததும் அதன் அளவு சரிய, குடல் தன் பழைய வேகத்துக்குத் திரும்ப முனையும் சில நாள்களில் ஒரு நாள் மலம் இளகியும் மறுநாள் இறுகியும் போவது வியப்பன்று. மசக்கை ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டறியும் இயக்குநீர் இரத்தத்திலிருந்து மறைய மூன்று நான்கு வாரம் ஆகக்கூடும் என்பதால், பத்தாம் நாளில் அட்டையில் இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. அதே நேரம், இரண்டு வாரம் கடந்தும் குமட்டலும் மார்பக வலியும் கொஞ்சமும் குறையாவிட்டால் கர்ப்பம் தொடர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கருப்பை சுருங்கும் நேரத்தில் மலம் கழிக்க வேண்டும் என்ற உந்துதல் பலமாக எழுவதும், போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராமலிருப்பதும் பல பெண்களைக் குழப்பும் அனுபவம். கருப்பையின் கீழ்ப்பகுதியான கருப்பை வாயிலிருந்தும் மலக்குடலிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் நுழைவதால், கருப்பை வாய் விரியும்போது எழும் அழுத்தத்தை மூளை மலக்குடலின் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. கர்ப்பத் திசு கருப்பை வாயைக் கடந்ததும் இந்த உந்துதல் சட்டென்று தணியும். அதுவரை முக்கி வலுவைச் செலவழிப்பதில் பயனில்லை. வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்து ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

இந்தப் பின்பக்க அழுத்தத்தில் எளிதாகக் கடந்துவிட முடியாத இரண்டு நிலைகளும் உண்டு. கர்ப்பம் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதனிடம் பலிப்பதில்லை. குழாய் வெடித்துக் கசியும் இரத்தம் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் தேங்கி மலக்குடலை உறுத்த, தாங்க முடியாத மல உந்துதல், தோள்பட்டை வலி, தலைச்சுற்றல், மயக்கம் என்று நிலைமை விரைவாக மோசமாகும். மெடிக்கல் ஷாப்பில் தானே மாத்திரை வாங்கி விழுங்குவதில் உள்ள பெரிய ஆபத்து மருந்திலிருந்து வருவதைவிட, கர்ப்பம் எங்கே தங்கியிருக்கிறது, எத்தனை வாரம் ஆகியிருக்கிறது என்று யாரும் பார்க்காமல் விட்டதிலிருந்தே வருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நடந்த கருக்கலைப்புகளில் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை பெண்கள் வீட்டிலேயே தாமாகச் செய்துகொண்டவை என்பதால் இது சிறிய எச்சரிக்கையன்று.

இரண்டாவது நிலை உறிஞ்சல் முறைக்குப் பின் வரக்கூடியது. பன்னிரண்டு வாரம் வரையிலான கர்ப்பத்தை, மெல்லிய குழாயும் கையால் இயக்கும் சிரிஞ்சும் அல்லது மின் இயந்திரமும் கொண்டு வெற்றிடத்தால் உறிஞ்சி எடுக்கும் இம்முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊரில் இன்றும் எல்லாவற்றையும் ‘டி அண்ட் சி’ என்றே சொன்னாலும், கூரிய கரண்டியால் சுரண்டும் அந்தப் பழைய முறையைக் கைவிட்டு உறிஞ்சலுக்கு மாற வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. உறிஞ்சல் முடிந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, வெளியே உதிரப்போக்கு மிகக் குறைவாக இருந்தும் அடிவயிற்றில் வலி ஏறிக்கொண்டே போய், மலக்குடலை யாரோ உள்ளிருந்து தள்ளுவது போன்ற அழுத்தமும் சேர்ந்தால், கருப்பைக்குள்ளேயே இரத்தம் கட்டித் தேங்கியிருக்க வாய்ப்புண்டு. மலச்சிக்கல் என்று நினைத்துப் பேதி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பது இங்கே வீண். மருத்துவமனையில் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றியதும் வலி உடனே விலகிவிடும்.

உறிஞ்சல் முறையில் மிசோப்ரோஸ்டால் சேர்க்கப்படாதபோது பேதி பொதுவாக வருவதில்லை. வந்தால் காரணம் பெரும்பாலும் தொற்றுத் தடுப்புக்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையாக இருக்கும். டாக்சிசைக்ளின் வெறும் வயிற்றில் குமட்டும். அதை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் சற்று நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மெட்ரானிடசோல் வாயில் உலோகச் சுவையை விட்டுச் செல்லும். கருப்பைச் சுவரில் கருவி துளைத்துவிடுவது, முதல் மூன்று மாதங்களில் தேர்ந்த கைகளில் மிக அரிது. அப்படி நேர்ந்தவற்றிலும் பெரும்பாலானவை தானே ஆறிவிடும். குடலையும் தொட்டுவிடுவது அதிலும் அரிது. ஆனாலும் வயிறு நாளுக்கு நாள் உப்பிக் கல்போல இறுகுவது, காற்றுப் பிரியாமலிருப்பது, விடாத வாந்தி, கூடவே காய்ச்சல் ஆகியவை சேர்ந்து வந்தால் அதை ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்து ஒரு நாள் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். சாதாரண உப்புசம் காற்றுப் பிரிந்ததும் இளகும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைந்துகொண்டே வரும்.

பேதி ஒரு நாள் தொல்லை என்றால் மலச்சிக்கல் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடியது. ஆகவே பெண்களை உண்மையில் வாட்டுவது இதுவே. வலிக்கு டிராமடால் போன்ற மாத்திரைகள் தரப்பட்டிருந்தால் அவை குடலின் அசைவை மந்தப்படுத்தும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக மேற்சொன்ன கணக்கெடுப்பே காட்டுவதால், உதிரப்போக்குக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். அது மலத்தை இறுக்குவதோடு கறுப்பாகவும் ஆக்கும். இந்தக் கறுப்பு நிறம் குடலில் இரத்தக் கசிவைக் காட்டுவதன்று, மாத்திரையின் நிறமே. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இவற்றோடு, பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் பிரசவப் பத்தியம், கருக்கலைப்புக்கும் சில வீடுகளில் நீட்டிக்கப்படுகிறது. பத்தியத்தில் சேரும் பூண்டுக் குழம்பும் கருவாடும் எவருக்கும் தீங்கு செய்யப்போவதில்லை. தண்ணீரைக் குறைப்பதுதான் தவறு. மலம் இறுகி முக்கும்போது அடிவயிற்றில் அழுத்தம் ஏறி, நின்றிருந்த உதிரம் சற்று அதிகமாகப் படுவதும், அதைக் கண்டு பயந்து சாப்பாட்டையே குறைத்துக்கொள்வதும், அதனால் மலம் மேலும் இறுகுவதுமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

இதற்கு மருந்து கரிசல் காட்டிலேயே விளைகிறது. கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் கீரையும் நார்ச்சத்து நிறைந்தவை. சாத்தூர் வெள்ளரிக்காயில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஊருக்குப் புகழ் சேர்த்த சாத்தூர்க் காரச்சேவையும், விருதுநகரின் எண்ணெயில் பொரித்த பரோட்டாவையும் ஒரு வாரத்துக்குத் தள்ளி வைப்பதில் ஊர்ப் பெருமைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. இவை போதாதபோது மருத்துவரைக் கேட்டு இசப்கோல் உமியையோ லாக்டுலோஸ் மருந்தையோ சில நாள் எடுத்துக்கொள்ளலாம். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் அது உடலில் நன்றாகச் சேரும்.

கருப்பையின் மீட்சி குடலைவிடச் சீரானது. மாத்திரை வழியில் உதிரப்போக்கு ஒன்றரை முதல் இரண்டு வாரமும், லேசான படுதல் சிலருக்கு ஒரு மாதம் வரையும் நீடிக்கலாம். உறிஞ்சலுக்குப் பின் அது பொதுவாகக் குறைந்த நாளில் நின்றுவிடும். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மாதவிலக்கு திரும்பும். ஆனால் கருமுட்டை அதற்கும் முன்னதாக, எட்டுப் பத்து நாளிலேயே வெளிப்படக்கூடும் என்பதால், மாதவிலக்கு வந்த பிறகு கருத்தடையைப் பற்றி யோசிக்கலாம் என்று காத்திருப்பவர் ஏமாறக்கூடும். பெரிய நாப்கின் இரண்டு, ஒரு மணி நேரத்துக்குள் முழுதாக நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்வது; மிசோப்ரோஸ்டால் எடுத்து ஒரு நாள் கடந்த பிறகும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் நிற்பது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, மாத்திரைக்கு அடங்காத வலி ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

இந்தக் கால அட்டவணையை வேலைத்தலத்தில் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். 1920களில் தீப்பெட்டியில் தொடங்கிப் பட்டாசுக்கும் அச்சுக்கும் விரிந்த சிவகாசித் தொழிலில், சரவெடி பின்னுவது, திரி செருகுவது, பெட்டியில் அடைப்பது போன்ற கைவேலைகளைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் காசு. வெடிவிபத்து நேர்ந்தால் பரவாமலிருக்க அறைகளைத் தனித்தனியே தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற பாதுகாப்பு விதி சரியானதே; ஆனால் பேதியோடு உள்ளவருக்கும், மூன்று மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியவருக்கும் கழிப்பறை தொலைவாகிவிடுகிறது. கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீர் குடிக்காமலிருப்பது பேதி நாளில் நீரிழப்பையும் அடுத்த வாரத்தில் மலச்சிக்கலையும் தரும். தரையில் சம்மணமிட்டு அமர்வதால் கருப்பை இறங்கிவிடும் என்பது வெறும் அச்சம். உடலைக் கெடுப்பது நீரும் ஓய்வும் இல்லாமை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. தண்ணீரில் கரையும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் குமட்டல், வயிற்று வலி, பேதி ஆகியவற்றையும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் தசைச் சோர்வையும் உண்டாக்கும். மருந்துத் தூள் படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்ற பழைய அறிவுரை, குடல் ஏற்கெனவே நொந்திருக்கும் நாள்களில் இருமடங்கு பொருந்தும்.

சட்டம் இந்த இடத்தில் பலர் நினைப்பதைவிடத் தெளிவாகவே பேசுகிறது. கருச்சிதைவுக்கோ மருத்துவக் கருக்கலைப்புக்கோ பிந்தைய ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும், அந்த ஆறு வாரத்துக்கும் ஊதியத்தோடு விடுப்பு உண்டு என்றும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே வைத்திருக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள பெண்ணுக்கு மருத்துவச் சான்றின் பேரில் இதே ஆறு வாரத்துக்குப் பணப்பலன் உண்டு, சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண் யார் என்பதைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இவ்வளவும் இருந்தும் போர்மேனிடம் காரணம் சொல்ல நேருமே என்ற கூச்சத்தால் விடுப்பைக் கேட்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள்; ஒப்பந்தக்காரரின் கீழ் வீட்டிலிருந்தே திரி சுற்றும் பெண்களுக்கோ கேட்பதற்கு ஒரு பதிவேடுகூட இல்லை. பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு மட்டும் எட்டும் ஓய்வை இந்த வட்டாரத்தின் உழைக்கும் பெண்களுக்கான ஓய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆலைக்குப் போகிறவரானாலும் வீட்டிலிருந்து வேலை செய்பவரானாலும், சந்தேகம் எழும்போது பக்கத்து வீட்டு யோசனையோடு நின்றுவிடாமல் கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம், அல்லது 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனையைப் பெறலாம். உதிரம் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே என்ன மாத்திரை, எந்த நாளில், யாரிடம் வாங்கி எடுத்தது என்பதை மறைக்காமல் சொன்னால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.